நாள் எண்ணும் பயிர், பகல் அளக்கும் பயிர்

(திருவேங்கடத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கரிசலில் துவரையைத் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. ஆடி மழைக்கு விதைத்த நாட்டுத் துவரை ஆள் உயரத்தைத் தாண்டிப் போய்விடும். மழை பிந்தி, புரட்டாசிக் கடைசியில் அதே மூட்டையிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் செடி இடுப்போடு நின்றுவிடும். விதைப்பில் இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம். பூப்பதில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. பிந்தி விதைத்தது, வளர்ந்தது போதும் என்று ஓடி வந்து முந்தியதோடு சேர்ந்துகொள்ளும். மொச்சையும் இப்படித்தான். எப்போது ஊன்றினாலும் பொங்கலை ஒட்டித்தான் காய்க்கும். அதனால்தான் அது பொங்கல் குழம்பில் இடம்பிடித்தது.

வாய்க்கால் பாசனத்தில் அம்பை 16 நெல் போடுகிறவரைக் கேளுங்கள். கார்ப் பருவத்தில் போட்டாலும் சரி, பிசானத்தில் போட்டாலும் சரி, 110 முதல் 115 நாளில் அறுத்துவிடலாம் என்பார். அந்த நெல்லுக்கு மாதம் பொருட்டில்லை. தன் வயதைத்தான் பார்க்கிறது.

கோயில் கொடை தேதி பார்த்து வரும். பிள்ளைப்பேறு நாள் எண்ணி வரும். பயிர்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. ஒரு விதையை வாங்கும்போது அது எந்தச் சாதி என்பதை அதன் பெயர் நமக்குச் சொல்கிறதா என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

இந்தத் தலைப்பைத் தூண்டியவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கும் கல்லூரித் தம்பிகள். ‘ஆட்டோ ரகக் கஞ்சா என்று சொல்கிறார்களே, அது என்ன?’ என்று கேட்டார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததையும் பார்த்தேன். (சிரிப்பு.) தப்பான கேள்வி இல்லை. பகல் நீளத்துக்கும் பூவுக்கும் உள்ள உறவை உலகம் முதலில் கண்டுகொண்டதே அந்தச் செடியின் குடும்பத்தில்தான். ஆகவே அங்கே போய்விட்டுத் திரும்பி நம் காட்டுக்கு வருகிறேன்.

ஜூலியன் டூர்னுவா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸ் நகரில், கஞ்சாவின் இனமேயான நார்ச் சணலையும், அதன் சொந்தக்காரச் செடியான ஹாப் கொடியையும் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்த சணல், முளைத்த கொஞ்ச நாளிலேயே, சில இலை விட்டதுமே பூத்துவிட்டது. இளவேனிலில் வெளியில் விதைத்ததோ மாதக்கணக்கில் வளர்ந்த பிறகுதான் பூத்தது. சூடா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கடைசியில் 1914-இல் எழுதினார்: காரணம் பகல் குறுகியது, அதைவிட, இரவு நீண்டது என்பதே பொருத்தம் என்று. அதே ஆண்டில் மூண்ட முதல் உலகப் போரில் அவர் இறந்துபோனார். வேலை பாதியில் நின்றது.

அதை முடித்தவர்கள் அமெரிக்காவின் கார்னர், அலார்டு என்ற இருவர். மேரிலாந்தில் ஒரு புகையிலை ரகம் பூக்காமல் வளர்ந்துகொண்டே போனது. புகையிலைக்காரனுக்கு இலைதான் வேண்டும், கொண்டாட்டம்தான். ஆனால் விதை கிடைக்காதே! இவர்கள் அந்தச் செடிகளைச் சாயங்காலம் ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தூக்கி வைத்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகு வெளியே எடுத்தார்கள். பகலைச் செயற்கையாகக் குறைத்தார்கள். செடி பூத்தது. 1920-இல் அதை அச்சிட்டார்கள். குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம், பகல் பாராத் தாவரம் என்று பள்ளிப் பாடத்தில் இன்று படிக்கும் பிரிவு அங்கேதான் பிறந்தது. பிறகு 1938-இல் வேறு இருவர், நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலே பூ நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். செடி அளப்பது இரவைத்தான், அதுவும் இடையில் கலையாத இரவை, என்பது அதிலிருந்து உறுதியானது. ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடில்களில் செவ்வந்திக்கு ராத்திரி விளக்குப் போடுவது இந்தக் கணக்கில்தான். செடி வளரும் மட்டும் இரவைக் கலைத்துப் பூவைத் தள்ளிப்போட்டு, வேண்டியபோது விளக்கை அணைத்துப் பூக்க வைக்கிறார்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். பாரிஸில் ஆனி மாதப் பகல் 16 மணி நேரம், மார்கழிப் பகல் எட்டேகால் மணி நேரம். குருடனுக்குக்கூடத் தெரியும் வித்தியாசம். திருவேங்கடம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குச் சற்று மேலே. நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அதுவும் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது. நாமே கவனிக்காத இதைத் துவரை கவனிக்குமா?

கவனிக்கிறது. இதைவிடக் கூர்மையாகக் கவனித்த பயிர் உண்டு. மலேசியாவின் மலாக்கா நம்மைவிடத் தெற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டியது. அங்கே ஆண்டு முழுதும் பகல் மாறுவது 14 நிமிடம்தான். அந்த ஊரில் ‘சயாம் 29’ என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாள் ஆனது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாள். ஒரே நெல், ஒரே ஊர். பதினாலு நிமிட வித்தியாசத்தைப் படித்துக்கொண்டு, அரை ஆண்டு காத்திருக்கிறது! 1950-களில் செய்த இந்தச் சோதனையை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

இலைதான் இரவை அளக்கிறது. ‘நேரம் வந்தது’ என்ற செய்தியை இலை உண்டாக்கிக் குருத்துக்கு அனுப்புகிறது என்று 1930-களில் ரஷ்யாவில் சைலக்யான் ஊகித்தார். அந்தச் செய்தி ஒரு புரதம் என்று ஜப்பானியர் நெல்லில் காட்டியது 2007-இல். எழுபது ஆண்டு இடைவெளி. இந்தப் புரதத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டாலோ மாறினாலோ செடி பகலைப் பார்ப்பதை விட்டுவிடும். நாள் எண்ணும் பயிர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். நாம் ‘முன்னேறிய ரகம்’ என்று பாராட்டுவது, உண்மையில் ஒரு திறமையை இழந்த ரகம்.

இப்போது தம்பிகளின் கேள்வி. பகலைப் பார்த்துப் பூக்கும் செடி வடக்கே போனால் என்ன ஆகும்? அங்கே கோடையில் பகல் முடிவதே இல்லை. பகல் குறுகும்வரை காத்திருந்தால், பூக்கும்போது பனி விழுந்து செத்துப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் காத்திருக்காத செடிதான் பிழைக்கும். வோல்கா ஆற்றின் பக்கம் களையாகக் கிடந்த குட்டையான ஒரு சணலை 1924-இல் ரஷ்யத் தாவரவியலார் யானிஷெவ்ஸ்கி விவரித்து ‘ருடராலிஸ்’ என்று பெயர் வைத்தார். அது வயது வந்ததும் பூக்கும், பகலைக் கேட்காது. இந்தப் பண்பைக் கஞ்சாவோடு ஒட்டுச் சேர்த்துத்தான் 2000-க்குப் பிறகு வெளிநாட்டு விதை வியாபாரிகள் ‘ஆட்டோ’ என்ற முத்திரையோடு விற்க ஆரம்பித்தார்கள். அப்படி முதலில் பேர்பெற்றது ‘லோரைடர்’ என்ற குட்டை ரகம்.

பண்பு ஒடுங்கு பண்பு. ஆகவே ஆட்டோவையும் சாதாரணத்தையும் கலந்தால் முதல் தலைமுறையில் ஆட்டோ வெளிப்படாது. அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றில் வரும். மெண்டலின் பட்டாணிக் கணக்குத்தான். முதல் தலைமுறைக் கலப்பு, பெற்றோரில் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் முந்திப் பூக்கும். அதையும் விடாமல் ‘ஃபாஸ்ட்’ என்று பெயர் போட்டு விற்கிறார்கள். பெண் செடி மட்டும் தரும் விதை என்று இன்னொரு முத்திரை. ‘விதைத்து எட்டு வாரம்’ என்று பொட்டலத்திலேயே நாள் அச்சிடுவதும் உண்டு. கவனியுங்கள்: இந்த வியாபாரத்தில் பெயரே செடியின் நடத்தையைச் சொல்கிறது. எந்த நிலையத்தில் பிறந்தது, எத்தனையாவது வெளியீடு என்ற பேச்சே இல்லை.

நல்ல ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் பெயருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்கு வெளியே வளர்ந்த தொழில் அது. பரிசோதனை நிலையமும் கிடையாது, சான்றளிக்கும் துறையும் கிடையாது. 2015-இல் கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும் 43 சணல் மாதிரிகளையும் மரபணு பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாதிரிகள், தங்கள் பெயரையே உடைய மாதிரியைவிட வேறு பெயருள்ள ஒன்றோடுதான் நெருங்கி இருந்தன. ‘இண்டிகா’, ‘சட்டைவா’ என்று எழுதிய முத்திரைகளும் வம்சாவளியோடு சரியாகப் பொருந்தவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் ஒட்டலாம் என்றால் இப்படித்தான் முடியும்.

அதே செடியில் ஒழுங்காக நடந்த கதையும் உண்டு. பின்லாந்தில் எண்ணெய் விதைக்காக ஒரு சணல் ரகம் உருவாக்கினார்கள். ரஷ்யாவின் வவிலோவ் நிறுவனச் சேகரிப்பில் 313, 315 என்று எண்ணிட்ட இரண்டு விதைகளின் வாரிசு அது; அதனால் முதலில் ‘ஃபின் 314’ என்று பெயர். பிறகு ‘ஃபினோலா’ என்று பதிவாகி, ஐரோப்பிய ரகப் பட்டியலில் ஏறியது. அதுவும் பகல் பாராமல் பூப்பதுதான். ஆனால் பெயரில் ‘ஆட்டோ’ இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பயிரிடுவது குற்றம். நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதியோடு சணல் பயிரிட அதே சட்டம் இடம் தருகிறது. உத்தராகண்டில் 2018 முதல் அப்படி உரிமம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு இல்லை. ஆகவே தம்பிகளே, தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டு என்னோடு கரிசலுக்கு வாருங்கள். (சிரிப்பு.)

நம் பக்கத்துப் பெயர்களைப் பார்ப்போம். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து தேர்ந்து கே. 1, கே. 2 என்று வரிசையாக வெளியிட்டது அந்த நிலையம். ‘கே’ என்றால் கோவில்பட்டி. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி. ஏ.எஸ்.டி. என்றால் 1937-இல் ஏற்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம். அதன் 16-ஆவது வெளியீட்டைத்தான் நீங்கள் அம்பை 16 என்கிறீர்கள். ஆடுதுறை 31, கோ 39 என்ற இரண்டு குறுகிய கால நெல்லைச் சேர்த்து 1986-இல் வெளியிட்டது. டி.பி.எஸ். திருப்பதிசாரம். வி.பி.என். வம்பன். பி.கே.எம். பெரியகுளம். கோ கோயம்புத்தூர்.

எல்லாம் பிறந்த ஊர். சிலவற்றில் வம்சம். எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழைப் பருத்தியில் எம் மெட்ராஸ், சி கம்போடியா, யு உகாண்டா. மூன்று நாட்டு உறவை மூன்று எழுத்தில் சுமக்கிறது. இன்னொன்றில் உத்தியோகம்! ஜி.இ.பி. 24 என்ற நெல் 1921-இல் வந்தது. கோணாமணி என்ற நெல்லில் தானாகத் தோன்றிய மாறுதலைக் கோவையில் பிடித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஜி.இ.பி. என்பது அரசுப் பொருளாதாரத் தாவரவியலார் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள். அதிகாரி நாற்காலியின் பெயரை நெல் சுமந்தது. சனம் அதைச் சட்டை செய்யாமல் கிச்சிலிச் சம்பா என்று கூப்பிட்டது. உலகத்தின் எத்தனையோ நெல் ரகங்களுக்கு அது மூதாதை.

இந்த முத்திரைகளின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பெயர் சொன்னால், எந்த நிலையம் பொறுப்பு என்று தெரியும். குறைபாடு வேறு. ‘கோ 1’ என்றால் நெல்லிலும் உண்டு, கம்பிலும் உண்டு, ராகியிலும் உண்டு. எந்தப் பயிர் என்றுகூடப் பெயர் தனியாகச் சொல்லாது. பிறகுதான் அடைப்புக்குறிக்குள் பயிர் எழுத்தைச் சேர்த்தார்கள். பகல் பார்க்குமா, நாள் எண்ணுமா என்பது அந்த எழுத்திலும் வராது, எண்ணிலும் வராது. தெரிய வேண்டுமானால் விவரக் குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டும்.

நம் முன்னோர் பெயரிட்டதைப் பாருங்கள். அறுபதாம் குறுவை. பெயரில் எண் இருக்கிறது. எப்போது விதைத்தாலும் இத்தனை நாள் என்ற உத்தரவாதம். கார்த்திகைச் சம்பா. பெயரில் மாதம் இருக்கிறது. அதற்கு நாள் கணக்குச் சொல்ல முடியாது; பருவம் தப்பினால் அது உன் பேச்சைக் கேட்காது. எண் வைத்த பெயர், மாதம் வைத்த பெயர் என்று இரண்டே வகையில், ஆராய்ச்சி நூலகம் எதுவும் இல்லாமல், முக்கியமான செய்தியைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். எல்லா நாட்டு ரகமும் இப்படியல்ல. மணத்துக்கும் நிறத்துக்கும் மாப்பிள்ளைக்கும் பெயர் வைத்தவர்கள்தான். மாதப் பெயர் சிலவற்றில் விதைப்பைக் குறிக்கும், சிலவற்றில் அறுப்பை. ஆனாலும் விதை விற்கும் கடைக்காரரிடம் இன்று நாம் கேட்டு வாங்க வேண்டிய செய்தியை அந்தப் பெயர்கள் கேட்காமலே தந்தன.

பெயரிலிருந்து மாதம் போனது எப்போது? 1966-இல் ஐ.ஆர். 8 வந்ததைச் சொல்ல வேண்டும். அது பிலிப்பைன்ஸில் பிறந்து இந்தியா, வியட்நாம், பாகிஸ்தான் என்று எங்கே போனாலும் விளைந்ததற்குக் குட்டைத் தண்டு மட்டும் காரணமில்லை. அது பகலைப் பார்க்கவில்லை. பகல் பார்க்கும் நெல்லை வேறு அட்சரேகைக்குக் கொண்டுபோனால் கணக்குத் தப்பிவிடும். பருத்தியும் அப்படியே. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் பழைய மரப்பருத்திகள் பகல் குறுகினால்தான் பூத்தன. பகல் பார்க்காதவற்றை மனிதர் தேர்ந்தெடுத்த பிறகுதான் பருத்தி ஓராண்டுப் பயிராக ஊர் ஊராகப் போனது. மொச்சை இனத்திலேயே குத்து அவரை வந்தது அப்படித்தான். காய்கறிக் கடையில் சித்திரையிலும் அவரைக்காய் கிடைக்கிறதே, அது கண் மூடிய அவரை.

ஒரு எச்சரிக்கை. நாள் எண்ணும் பயிரும் கடிகாரம் இல்லை. வெப்பம் குறைந்தால் அதன் எண்ணிக்கை மெதுவாகும். காரில் வெயிலில் நின்ற நெல்லும் மார்கழிப் பனியில் நின்ற நெல்லும் அதே ரகமாயிருந்தாலும் சில நாள் முன்பின்னாகத்தான் வரும். பொட்டலத்தில் அச்சிட்ட வயது, சோதனை நடந்த நிலையத்தின் வெப்பத்துக்கு உரியது. அதேபோல வயது நீளமாக இருப்பதாலேயே ஒரு ரகம் பகல் பார்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நீண்ட வயதும் பகல் உணர்வும் தனித்தனிப் பண்புகள். 140 நாளை ஒழுங்காக எண்ணி முடிக்கும் நெல்லும் உண்டு.

விதைப்பையின் அட்டை நிறமும் இதைச் சொல்லாது. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உற்பத்தியாளர் தாமே பொறுப்பேற்று விற்கும் உண்மை நிலை விதைக்குப் பச்சை. நீல அட்டை நெல்லுக்கு 80 விழுக்காடு முளைப்பும் 98 விழுக்காடு புறத்தூய்மையும் உறுதி. விதை அது சொல்லும் ரகம்தானா என்பதற்கு அந்த அட்டை காவல். அந்த ரகம் உங்கள் ஐப்பசி விதைப்புக்குச் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம் நிறைந்திருக்கிறது. பெரும்பாலும் கம்பெனி வீரிய ஒட்டு விதை, கம்பெனி எண். அந்த எண் ஆராய்ச்சி நிலைய எண்ணைவிடவும் ஊமை.

ஆகவே கடையில் நான் கேட்கச் சொல்வது மூன்று. இந்த ரகத்துக்கு எந்தப் பட்டம் சொல்லியிருக்கிறார்கள்? அந்தப் பட்டம் தப்பினால் வயது மாறுமா? சொல்லியிருக்கும் வயது எந்தப் பருவத்தில் கண்டது? பதில் தெரியாத கடைக்காரரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவில்பட்டி நிலையத்துக்கோ வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ போனால் சொல்வார்கள். ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் காலாவதி நாளும் எழுதி வாங்குங்கள்.

பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி கை தூக்குகிறார். ‘மழை பிந்திவிட்டது, துவரை போடலாமா கூடாதா, அதைச் சொல்லும்’ என்கிறார். சொல்கிறேன் அண்ணாச்சி. புரட்டாசி கடந்து நாட்டுத் துவரை போட்டால் செடி குட்டையாகப் பூக்கும். ஒரு செடியில் காய் குறையும். அதனால் ஆடியில் விட்ட இடைவெளியை விடாதீர்கள். வரிசையை நெருக்கி, செடிக்கணக்கைக் கூட்டிப் போடுங்கள். அல்லது வம்பன் 1 போன்ற 100 நாள் சுமார் வயதுள்ள துவரையைப் பாருங்கள். அது நாட்டுத் துவரை அளவுக்குப் பகலைப் பார்த்துக் காத்திருக்காது. ஆனால் அதற்குப் பூக்கும் சமயத்தில் ஈரம் வேண்டும். மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் பார்த்த பிறகு விதையுங்கள். தெருவிளக்கை ஒட்டிய வரப்பில் மட்டும் நாட்டுத் துவரை ஊன்ற வேண்டாம். அந்த வெளிச்சத்தில் அதற்கு இரவு முழுசாக வராது, மற்றதெல்லாம் காய்த்த பிறகும் அது இலையாகவே நிற்கும்.